சுடோ போட்டா சரியாயிடுமா?

லேப்ல ஒரு புரோகிராம் ஓடலைன்னா நமக்கெல்லாம் முதல்ல வர்ற யோசனை என்ன? "சுடோ போட்டுப் பாரு மச்சி." அதுக்கும் மசியலைன்னா, "சிஎச்மோட் 777 குடு." அதுவும் வேலைக்கு ஆகலைன்னா, "லினக்ஸ்ல இதெல்லாம் வராதுடா, வேற சிஸ்டத்துல பண்ணிக்கலாம்." இந்த மூணு வசனத்தையும் நான் பேசியிருக்கேன். நீங்களும் பேசியிருப்பீங்க, இல்லன்னா பக்கத்து டேபிள்ல யாராவது பேசக் கேட்டிருப்பீங்க.

இந்தப் பழக்கம் நமக்கு நல்லதில்லைன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதிலும் குறிப்பா, நம்ம புரோகிராம் நேரா ஹார்டுவேர் போர்ட்டைத் தொடப் போற இடத்துல. அங்க கெர்னல் சொல்ற ஒவ்வொரு 'முடியாது'வும் ஒரு தகவல். அதைப் படிக்காம தாண்டிக் குதிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், ஏன்னா நான் குதிச்சிருக்கேன். அதுக்கான விலையை என்னைவிட அதிகமா இன்னொருத்தர் கொடுத்தாங்க.

சுத்தாத மோட்டார்

ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்ட். நாலு பேர் டீம். பேரலல் போர்ட் வழியா ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைச் சுத்த வைக்கணும், அவ்வளவுதான். லேப் மூலையில ஒரு பழைய டெஸ்க்டாப் கிடந்தது. பின்னாடி 25 துளை கனெக்டர் இருந்தது. நடுவுல கரண்ட்டைத் தாங்க ஒரு யூஎல்என் 2003 சிப். சீனியர் ஒருத்தரோட ரெக்கார்ட் நோட்டுல டர்போ சி கோடு தயாரா இருந்தது. ஆனா அந்த மெஷின்ல இருந்தது லினக்ஸ்.

டர்போ சி-ல போர்ட்டுக்கு எழுத 'அவுட்போர்ட்பி'. லினக்ஸ்ல அந்த வேலைக்கு 'அவுட்பி'. சரி, பேரை மட்டும் மாத்திட்டோம். போர்ட் முகவரி ஹெக்ஸ் 378. அனுப்ப வேண்டிய எண்கள் 9, 12, 6, 3, திரும்ப 9. கம்பைல் பண்ணினதும் ஒரு எச்சரிக்கை வந்தது. 888 என்கிற மதிப்பு 120 ஆக மாறுதுன்னு ஏதோ சொல்லிச்சு. எரர் இல்ல, வார்னிங்தானே? விட்டுட்டோம்.

புரோகிராமை ரெண்டு பேர் ரெண்டு விதமா எழுதினோம். டீம்ல இருந்த ஒரு தோழி, கையேட்டைப் படிச்சுட்டு 'ஐஓபெர்ம்' அழைப்பைப் போட்டாங்க. ஹெக்ஸ் 378-ல ஆரம்பிச்சு மூணே மூணு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கேட்கிற வழி அது. ஓட்டினதும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. நான் போட்டது 'ஐஓபிஎல்', நிலை 3. இருக்கிற 65,536 போர்ட்டையும் ஒரேயடியா திறந்து விடுற வழி. என்னோடது எந்தப் பிழையும் இல்லாம ஓடி முடிஞ்சது. மோட்டார் மட்டும் சுத்தல.

இப்போ நீங்க சொல்லுங்க, எது சரியான புரோகிராம்? அன்னிக்கு எங்க முடிவு: எரர் வராததால என்னோடது சரி, எரர் வந்ததால அவங்களோடது தப்பு. ஆக கோடு சரியா இருக்கு, ஹார்டுவேர்ல கோளாறு. ரெண்டு தடவை சிப்பை மாத்தினோம். ஒயர் மாத்தினோம். மோட்டாரையே மாத்தினோம். கைக்காசு போனதுதான் மிச்சம். நடுவுல அந்தத் தோழிகிட்ட, "நீ ரிப்போர்ட் டைப் பண்ணிடு, கோடை நாங்க பாத்துக்கிறோம்"னு சொன்னதும் நான்தான். அவங்க ஒண்ணும் சொல்லல.

முதல் ரிவ்யூல மோட்டார் சுத்தாமலே நின்னோம். மார்க் என்ன வந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

ரெண்டாவது ரிவ்யூவுக்கு மூணு நாள் முன்னாடி, ரிப்போர்ட்டுக்காக ஒவ்வொரு ஃபங்ஷனையும் விளக்கி எழுதிட்டு இருந்த அதே தோழி கூப்பிட்டாங்க. "டர்போ சி-ல முதல்ல போர்ட், அப்புறம் மதிப்பு. லினக்ஸ்ல முதல்ல மதிப்பு, அப்புறம் போர்ட். நாம தலைகீழா குடுத்திருக்கோம்." ரெண்டையும் இடம் மாத்தினோம். மோட்டார் சுத்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செம லக்குடா." அது லக் இல்லைன்னு எனக்கு உறைக்க இன்னும் பல மாசம் ஆச்சு.

என்ன நடந்ததுன்னு பாருங்க. 378-வது போர்ட்டுக்கு 9 அனுப்புறதா நினைச்சு, நாங்க 9-வது போர்ட்டுக்கு 378 அனுப்பிட்டு இருந்தோம். ஹெக்ஸ் 378 சாதாரண எண்ணுல 888. ஒரு பைட்ல 255-க்கு மேல அடங்காதே, அதனால வெட்டுப்பட்டு 120 ஆச்சு. கம்பைலர் முதல் நாளே சொன்னது இதைத்தான். அந்த 9, 12, 6, 3-ஆம் போர்ட்டுகள் யாரோடது? பீசி-யில பழைய டிஎம்ஏ கண்ட்ரோலரோடது. மோட்டாரைச் சுத்துறதா நினைச்சு, சம்பந்தமே இல்லாத ஒரு சிப்போட ரெஜிஸ்டர்களைக் கிண்டிட்டு இருந்தோம்.

தோழியோட புரோகிராம் 9-வது போர்ட்டைத் தொட்டதும், "நீ அனுமதி கேட்டது 378-க்கு, இங்க உனக்கு என்ன வேலை?"ன்னு கெர்னல் அங்கேயே நிறுத்துச்சு. அந்த செக்மென்டேஷன் ஃபால்ட் முழு உண்மையைச் சொல்லிச்சு. என் புரோகிராம் எல்லாக் கதவையும் திறந்து வச்சிருந்ததால தப்பு சத்தமே போடாம உள்ள போய் வந்தது. எரர் குடுத்த கோடுதான் நேர்மையான கோடு. அதை எழுதினவங்களைத்தான் டைப் அடிக்க அனுப்பினேன்.

கதவை ஏன் பூட்டி வச்சிருக்காங்க?

டாஸ்ல டர்போ சி ஓட்டும்போது இந்தப் பிரச்சினை எதுவும் வராது. அங்க புரோகிராமும் ராஜா, சிஸ்டமும் ராஜா. எந்த போர்ட்டையும் யாரும் தொடலாம். ஒரே நேரத்துல ஒரு புரோகிராம், ஒரு யூசர். தப்பு பண்ணினா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்.

யூனிக்ஸ் வழியில வந்த சிஸ்டம் அப்படி இல்ல. ஒரே மெஷின்ல பல பேர், பல ப்ராசஸ். ஒருத்தர் பண்ற தப்பு இன்னொருத்தர் தலையில விழக்கூடாது. உதாரணத்துக்கு ஹெக்ஸ் 64-ஆம் போர்ட், கீபோர்ட் கண்ட்ரோலரோடது. வழக்கமான பீசி-யில அந்த ஒரு போர்ட்டுக்கு எஃப்-ஈ என்கிற ஹெக்ஸ் மதிப்பை அனுப்பினா மெஷின் அப்படியே ரீசெட் ஆகும். சேவ் பண்ணச் சொல்லாது, டிஸ்க்குல எழுத வேண்டியதை எழுதி முடிக்காது. ஒரே ஒரு பைட். இதை யார் வேணும்னாலும் செய்யலாம்னு விட்டா லேப் என்ன ஆகும்?

அதனால இன்டெல் வகை ப்ராசஸர்லயே இதுக்கு ஏற்பாடு இருக்கு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பிட். பிட் 0-ன்னா போகலாம், 1-ன்னா தடை. 65,536 போர்ட்டுக்கு 65,536 பிட், அதாவது 8,192 பைட் கொண்ட ஒரு அனுமதி அட்டவணை. ஐஓபெர்ம் பண்றது அந்த அட்டவணையில நீங்க கேட்ட பிட்டை மட்டும் 0 ஆக்குறது. தடை இருக்கிற போர்ட்டைத் தொட்டா ப்ராசஸர் 'ஜெனரல் ப்ரொடெக்‌ஷன் ஃபால்ட்' எழுப்பும். கெர்னல் அதை வாங்கி, பாயின்டர் தப்புக்கு அனுப்புற அதே சிக்னலை உங்க புரோகிராமுக்கு அனுப்பும். அதனாலதான் பாயின்டரே இல்லாத பத்து வரி கோடுல செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து நம்மைக் குழப்புது.

ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க ஒரு சின்ன வழி: புரோகிராம் விழுந்ததும் டிமெசேஜ் கட்டளையைப் போட்டு கடைசி வரியைப் பாருங்க. பாயின்டர் தப்புன்னா எந்த நினைவக முகவரியில விழுந்ததுன்னு 'செக்ஃபால்ட்' என்கிற வரி இருக்கும். போர்ட் தடைன்னா 'ஜெனரல் ப்ரொடெக்‌ஷன்'னு வரும். இந்த ஒரு வரியை நாங்க முதல் நாளே பார்த்திருந்தா ரெண்டு சிப்பும் ஒரு மோட்டாரும் மிச்சம்.

'முடியாது' எத்தனை வகை?

அம்மா 'வேண்டாம்'னு சொல்றதுலயே எத்தனை வகை இருக்குன்னு நமக்குத் தெரியும். கெர்னலும் அப்படித்தான். எந்த 'முடியாது' வருதுன்னு பார்த்தா பாதி வேலை முடிஞ்சது.

முதல் வகை, ஐஓபெர்ம் அழைப்பே தோத்துப் போறது. இதைத் தெரிஞ்சுக்கணும்னா அது திருப்பித் தர்ற மதிப்பைப் பார்க்கணும். நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? பார்க்காம அடுத்த வரியில அவுட்பி போட்டுட்டு, அங்க விழுந்ததும் அவுட்பி-யைத் திட்டுறோம். சாதாரண யூசரா ஓட்டி 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'னு வந்தா அனுமதிப் பிரச்சினை. அதுக்கு முழு ரூட் அதிகாரம் அவசியமில்ல. 'கேப் சிஸ் ராஐஓ' என்கிற ஒரே ஒரு திறனை, செட்கேப் கட்டளை வழியா அந்த புரோகிராம் ஃபைலுக்கு மட்டும் கொடுக்கலாம். நாங்க என்ன பண்ணினோம்? யார் ஓட்டினாலும் ரூட்டா ஓடுற மாதிரி செட்யூஐடி பிட்டைப் போட்டு, ரிவ்யூ முடிஞ்சதும் அப்படியே மறந்துட்டுப் போயிட்டோம். அடுத்த பேட்ச் அந்த மெஷின்லதான் உக்காந்தது.

ரெண்டாவது வகை, சுடோ போட்டும் அதே 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வர்றது. இங்கதான் நிறைய பேர் மண்டையைப் பிச்சுக்கிறாங்க. "நான் ரூட், எனக்கே முடியாதா?" ஆமா, முடியாது. 2019 கடைசியில வந்த லினக்ஸ் 5.4-லிருந்து கெர்னல்ல 'லாக்டவுன்' என்கிற ஏற்பாடு இருக்கு. பல விநியோகங்கள்ல செக்யூர் பூட் போட்டிருந்தா அது தானாகவே இயங்கும். அப்போ ஐஓபெர்ம், ஐஓபிஎல், டெவ் அடைவில் இருக்கிற 'போர்ட்', 'மெம்' எதுவும் ரூட்டுக்கும் கிடையாது. டிமெசேஜ்ல லாக்டவுன்னு தெளிவா ஒரு வரி இருக்கும். சுடோவுக்கு மேல இன்னொரு சுடோ தேடுறதுல பிரயோஜனம் இல்ல. செக்யூர் பூட்டை அணைக்கலாமான்னு லேப் பொறுப்பாளரைக் கேட்கணும், இல்ல வழியை மாத்தணும்.

மூணாவது வகை, எந்த எரரும் இல்ல, எதுவும் நடக்கவும் இல்ல. இதுதான் ரொம்ப மோசமானது. அவுட்பி எதையும் திருப்பித் தராது. வெத்து இடத்துக்கு எழுதினாலும் சந்தோஷமா எழுதும். அப்போ இன்பி போட்டு அந்த போர்ட்டைப் படிச்சுப் பாருங்க. நீங்க எழுதினதே திரும்பி வந்தா அங்க ஏதோ ஒரு ரெஜிஸ்டர் இருக்கு. எப்பவும் 255 வந்தா அங்க யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருக்கீங்கன்னு பெரும்பாலும் அர்த்தம். பிசிஐ ஸ்லாட்ல பேரலல் கார்டு வாங்கிப் போட்டிருந்தா முகவரி 378 ஆக இருக்காது, சிஸ்டம் வேற எங்கயாவது ஒதுக்கியிருக்கும். எல்எஸ்பிசிஐ கட்டளையில விவரமா கேட்டா காட்டும். ப்ராக் அடைவில் இருக்கிற 'ஐஓபோர்ட்ஸ்' ஃபைலிலும் பார்க்கலாம். ஆனா சாதாரண யூசரா பார்த்தா முகவரி எல்லாம் பூஜ்யமா காட்டும். இங்க சுடோ போடுறது நியாயம், ஏன் போடுறோம்னு தெரிஞ்சு போடுறோமே! விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ஓட்டினா இன்னும் வேடிக்கை. அங்க ஐஓபெர்ம் ஜெயிக்கும், அவுட்பி ஜெயிக்கும், ஆனா நீங்க தொடுறது பொம்மை போர்ட். வெளியில இருக்கிற மோட்டாருக்கு ஒண்ணும் போகாது.

முகவரி சரியா இருந்தும் பின்னுல ஒண்ணும் வரலைன்னா கண்ட்ரோல் ரெஜிஸ்டரோட 5-ஆம் பிட்டைப் பாருங்க. அது 1-ன்னா டேட்டா லைன் உள்வாங்கும் திசையில இருக்கு. 18-லிருந்து 25 வரையிலான பின்னுல கிரவுண்ட் சேர்ந்திருக்கான்னும் பாருங்க. உள்ளீடு தலைகீழா வருதா? ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்ல 'பிஸி' லைன் ஹார்டுவேர்லயே தலைகீழாத்தான் இருக்கும், உங்க தப்பு இல்ல.

இன்னொரு கண்ணி. சி வேண்டாம், பைத்தான்ல டெவ் அடைவு 'போர்ட்' ஃபைலைத் திறந்து எழுதிக்கலாம்னு ஒரு குறுக்கு வழி உண்டு. வேலை செய்யும். ஆனா அந்த ஃபைல்ல அடுத்தடுத்த பைட், அடுத்தடுத்த போர்ட்டுக்குப் போகும். சாதாரணமா திறந்தா பைத்தான் பஃபர் வச்சுக்கிட்டு, நீங்க ஒரு பைட் கேட்டாலும் ஆயிரக்கணக்கான பைட்டை மொத்தமா படிக்கப் பார்க்கும். அதாவது வரிசையா அத்தனை போர்ட்டையும் தட்டிட்டு வரும். சில ஹார்டுவேர்ல படிச்சாலே நிலை மாறிடும். அதனால பஃபர் இல்லாம திறக்கணும்.

நேராதான் தொடணுமா?

இவ்வளவும் சொல்லிட்டு என் அடுத்த கருத்து: பெரும்பாலான மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு நீங்க போர்ட்டை நேரா தொடவே தேவையில்ல.

பேரலல் போர்ட்டுக்குன்னே லினக்ஸ்ல 'பிபிடெவ்' ட்ரைவர் இருக்கு. அதை ஏத்தினா டெவ் அடைவில் 'பார்போர்ட்0'ன்னு ஒரு ஃபைல் வரும். திறந்து, "இப்போ எனக்கு வேணும்"னு உரிமை கேட்டு, டேட்டா எழுதி, உரிமையை விட்டுட்டு வரலாம். முகவரி 378-ஆ வேற எதுவா என்கிற கவலை உங்களுக்கு இல்ல, அது ட்ரைவர் தலைவலி. உபுண்டு மாதிரி சிஸ்டத்துல பொதுவா 'எல்பி' குழுவுல உங்க பேர் இருந்தாப் போதும், ரூட் வேண்டாம். ஏற்கெனவே பிரிண்டர் ட்ரைவர் அந்த போர்ட்டைப் பிடிச்சிருந்தா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுதிக் குழப்பாம வரிசையில நிக்க வைக்கவும் அதுக்குத் தெரியும். நேரா அவுட்பி போட்டா யார் இருக்காங்கன்னு பார்க்காமலே தள்ளிட்டுப் போவீங்க.

லேப்டாப்ல பேரலல் போர்ட் இல்லையேன்னு யூஎஸ்பி-லிருந்து பிரிண்டருக்குப் போற கேபிள் வாங்கப் போறீங்களா? காசை மிச்சம் பண்ணுங்க. அதுக்குப் பின்னாடி 378 கிடையாது. எந்த ஐ/ஓ போர்ட்டும் கிடையாது. பிரிண்டருக்கு டேட்டா தள்ள மட்டும்தான் அதுக்குத் தெரியும்.

இன்னிக்கு நம்ம டேபிள்ல அதிகம் இருக்கிறது ஆர்டுயினோ. அங்கயும் இதே கதைதான், வேஷம் மட்டும் வேற. 'பெர்மிஷன் டினைட்' வந்ததும் டிடிஒய்யூஎஸ்பி0-க்கு 777 குடுக்கிறோம். கேபிளைப் பிடுங்கிச் சொருகினதும் அது போயிடும், ஏன்னா அந்த ஃபைல் ஒவ்வொரு முறையும் புதுசா பிறக்குது. சரியான வழி, உபுண்டுல 'டயல்அவுட்' குழுவுல, ஆர்ச்-ல 'யூயூசிபி' குழுவுல உங்களைச் சேர்த்துட்டு, லாக்அவுட் பண்ணி மறுபடி உள்ள வர்றது. சேர்க்கும்போது யூசர்மாட் கட்டளையில பெரிய ஜி-யோட சின்ன ஏ-வையும் போடுங்க. அதை விட்டா நீங்க இருந்த மத்த குழுவிலிருந்து எல்லாம் உங்களைத் தூக்கிடும், சுடோ குழு உட்பட. அப்புறம் சுடோ போடக்கூட வழி இருக்காது!

உபுண்டு 22.04-ல இன்னொண்ணு பிரபலம். மலிவான சிஎச்340 சிப் இருக்கிற போர்டைச் சொருகினா டிடிஒய்யூஎஸ்பி0 வந்த வேகத்துல காணாமப் போகும். டிமெசேஜ்ல பார்த்தா 'பிஆர்எல்டிடிஒய்' அந்தச் சாதனத்தைத் தனக்குன்னு எடுத்துக்கிட்டது தெரியும். அது பார்வையற்றவங்க பயன்படுத்துற பிரெய்ல் திரைக்கான மென்பொருள். சில பிரெய்ல் கருவிகளும் அதே அடையாள எண்ணோட வர்றதால இந்தக் குழப்பம். எல்லாரும் சொல்ற தீர்வு, அதை அன்இன்ஸ்டால் பண்றது. உங்க சொந்த லேப்டாப்ல பண்ணிக்கோங்க. ஆனா பொது லேப் மெஷின்ல? நாளைக்கு அங்க வந்து உக்காரப் போற பார்வையற்ற மாணவருக்கு அந்த மெஷின் பேசாமப் போயிடும். யூடெவ் விதியில அந்த ஒரு அடையாள எண்ணை மட்டும் நீக்கினா ரெண்டு பேருக்கும் வேலை நடக்கும். கொஞ்சம் படிச்சா இன்னொருத்தரை வெளிய தள்ளாமலே நம்ம வேலையை முடிச்சுக்கலாம்.

ராஸ்ப்பெர்ரி பை வச்சிருக்கிறவங்களுக்கு: அது ஏஆர்எம் ப்ராசஸர். அங்க 'இன்', 'அவுட்' கட்டளையே கிடையாது, எல்லாம் நினைவக முகவரியிலதான். நேரா முகவரியைத் தொட்டு எழுதின பழைய கோடு ஒரு மாடல்ல ஓடும், அடுத்த மாடல்ல ஓடாது, ஏன்னா அடிப்படை முகவரி மாடலுக்கு மாடல் மாறியிருக்கு. பை 5-ல ஜிபிஐஓ-வே தனியா ஆர்பி1 என்கிற சிப்புக்குப் போயிடுச்சு. ரெஜிஸ்டரை நேரா தொட்டுப் பழகின லைப்ரரி அங்க படுத்துடுச்சு. கெர்னல் தர்ற 'ஜிபிஐஓசிப்' ஃபைல் வழியா 'லிப்ஜிபிஐஓடி' பயன்படுத்தினவங்க, சிப் நம்பரை மட்டும் சரிபார்த்துட்டு ஏறக்குறைய அதே கோடோட நகர்ந்தாங்க.

நீங்க கேட்கப் போற கேள்வி

"எல்லாத்தையும் ட்ரைவர்கிட்ட விட்டா நாம இன்ஜினியர்னு எதுக்கு? உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேண்டாமா?" நியாயமான கேள்வி. நானும் அந்தக் கட்சிதான். ஒரு பைட்டை அனுப்பினதும் எட்டு எல்ஈடி எரியறதைப் பார்க்கிற சந்தோஷம் எந்த லைப்ரரியிலயும் கிடைக்காது. அதனால நேரா போர்ட்டைத் தொடுற பயிற்சியை சிலபஸ்லிருந்து தூக்குங்கன்னு நான் சொல்லல. ஒரு பழைய மெஷின்ல, முக்கியமான ஃபைல் எதுவும் இல்லாத இடத்துல, வேணும்கிற மூணு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கி, திருப்பித் தர்ற மதிப்பைச் சரிபார்த்து, ஒருமுறை செஞ்சு பாருங்க. அதுக்கப்புறம் ட்ரைவர் வழியில செய்யுங்க. ரெண்டையும் செஞ்சவங்களுக்குத்தான் கெர்னல் என்ன உபகாரம் பண்ணுதுன்னு புரியும்.

ஃப்ரீபிஎஸ்டி பக்கம் போனா அங்க வழி வேற. டெவ் அடைவில் 'ஐஓ' என்கிற ஃபைலைத் திறந்து வச்சிருக்கிற வரைக்கும் அந்த ப்ராசஸுக்கு போர்ட் அனுமதி உண்டு. அதோட கையேடே அதைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்த பாதுகாப்பு ஓட்டை என்கிற அர்த்தத்துலதான் அறிமுகப்படுத்துது. எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருக்கு. இன்னொண்ணு, அங்க அவுட்பி-க்கு முதல்ல போர்ட், அப்புறம் மதிப்பு. லினக்ஸ் கோடை அப்படியே கொண்டு போனா எங்க மோட்டார் கதை உங்களுக்கும் நடக்கும், திசை மட்டும் தலைகீழா.

"டெட்லைன் கழுத்தை நெரிக்குது, கையேடு படிக்க நேரம் எங்க?" இதுவும் வரும். எங்க கணக்கைச் சொல்றேன். கையேட்டுல அந்தப் பக்கம் படிக்க பத்து நிமிஷம். படிக்காம நாங்க இழந்தது மூணு வாரம்.

ரெண்டே ரெண்டு வேண்டுகோள்

ஒண்ணு, நம்ம ரெக்கார்ட் நோட்டைப் பத்தி. நோக்கம், செய்முறை, முடிவுன்னு எழுதி, "முடிவு சரிபார்க்கப்பட்டது"ன்னு முடிக்கிறோம். எல்லார் நோட்டும் முதல் தடவையிலயே ஓடின மாதிரி இருக்கும். நிஜத்துல யாருக்கும் அப்படி ஓடினதில்ல. ஒரு பக்கம், 'என்ன எரர் வந்தது, ஏன் வந்தது, எப்படிக் கண்டுபிடிச்சோம்' என்பதுக்கு ஒதுக்குவோம். துறையில கேட்டா அனுமதி தருவாங்களா இல்லையான்னு காத்திருக்க வேண்டாம். நோட்டோட கடைசிப் பக்கம் நம்மளோடதுதானே? எங்க சீனியர் நோட்டுல அப்படி ஒரு பக்கம் இருந்திருந்தா எங்களுக்கு உதவியிருக்கும். எங்க ரிப்போர்ட்லயும் நாங்க அதை எழுதல. அடுத்த பேட்ச் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கும்.

ரெண்டு, நம்ம டீமைப் பத்தி. 'எரர் வருது'ன்னு சொல்றவங்களை ஒதுக்காதீங்க. அடக்கமா, கேட்ட அளவுக்கு மட்டும் அனுமதி வாங்கி எழுதுற ஆள் கோடுல எரர் அதிகம் வரும். எல்லாத்தையும் திறந்து போட்டு எழுதுற என்னை மாதிரி ஆள் கோடு சத்தமில்லாம ஓடும். வெளியில இருந்து பார்த்தா நான் கெட்டிக்காரன் மாதிரி தெரியும். ரிப்போர்ட் டைப் பண்ண யாரை அனுப்புறோம், கீபோர்டு முன்னாடி யாரை உக்கார வைக்கிறோம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்த எரர் என்ன சொல்லுதுன்னு சேர்ந்து உக்காந்து ஒருமுறை படிங்க.

எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல 'புரோகிராம் உருவாக்கம்' என்கிற இடத்துக்கு நேரா என் பேர் இருக்கு. 'ஆவணத் தயாரிப்பு' என்கிற இடத்துக்கு நேரா அவங்க பேர். அதைத் தயாரிச்சதும் அவங்கதான், அதனால என் பேரை அங்க டைப் பண்ணினதும் அவங்கதான். பைண்டிங் பண்ணிக் குடுத்ததை இப்போ மாத்த முடியாது. இந்த இதழ் வெளியானதும் முதல் பிரதியோட இணைப்பை அவங்களுக்குத்தான் அனுப்பப் போறேன். மோட்டாரைச் சுத்த வச்சது யாருன்னு இங்கயாவது சரியா பதிவாகட்டும்.

அடுத்த தடவை உங்க கை சுடோன்னு டைப் பண்ணப் போகும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, மேல இருக்கிற வரியைப் படிச்சுட்டு அப்புறம் என்டர் தட்டுங்க.